"ஓவர்சீஸ் காப்பாத்திடுச்சு" என்கிற பேச்சு

ஹாலிவுட்டின் பெரிய பட்ஜெட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம் ஒன்று அமெரிக்காவில் படுத்துவிட்டால் போதும், அடுத்த வாரமே இந்த வரி வந்துவிடும்: "அங்க ஃபிளாப், ஆனா ஓவர்சீஸ் காப்பாத்திடுச்சு." போன ஞாயிற்றுக்கிழமை டீ குடிக்கும்போது 'பசிபிக் ரிம்' பற்றிப் பேச்சு வந்தது. "சீனாவே ஹிட் ஆக்குன படம்ணே அது" என்றான் கூட இருந்த தம்பி. அவனிடம் பாதியில் விட்டதை இங்கே முழுசாக எழுதிவிடுகிறேன்.

கணக்கில் இருந்தே தொடங்கலாம். 2013ல் வந்த அந்தப் படத்தின் பட்ஜெட் சுமார் 19 கோடி டாலர். அமெரிக்காவும் கனடாவும் சேர்ந்து (ஹாலிவுட் கணக்கில் இந்த இரண்டும்தான் 'உள்நாடு') சுமார் 10 கோடி டாலர். சீனா மட்டும் 11 கோடிக்கு மேல். உலகம் முழுக்க 41 கோடி. பார்த்தால் தப்பித்த மாதிரிதான் தெரியும். ஆனால் நம் ஊர் டிஸ்ட்ரிபியூட்டர் யாரிடமாவது இந்த எண்களைச் சொல்லிப் பாருங்கள். அவர் முதலில் கேட்பது "இது கிராஸா, ஷேரா?" என்பதைத்தான். அதாவது, மொத்த டிக்கெட் வசூலா, அதில் கைக்கு வந்து சேர்ந்த பங்கா? அமெரிக்காவில் டிக்கெட் வசூலில் ஏறக்குறைய பாதி ஸ்டூடியோவுக்கு வந்து சேரும். சீனாவில் 25 சதவீதம்தான். அதுவும் 2012ல் இரண்டு அரசுகளும் பேசி ஒப்பந்தம் போட்ட பிறகு கிடைத்த உயர்வு. அதற்கு முன் இன்னும் குறைவு. ஆக, சீனாவின் 11 கோடியில் கைக்கு வந்தது மூன்று கோடிக்கும் கீழே. அமெரிக்காவின் 10 கோடியில் வந்தது கிட்டத்தட்ட ஐந்து.

'டெர்மினேட்டர் ஜெனிசிஸ்' கதையும் இதுதான். 2015ல் அமெரிக்காவில் 9 கோடி டாலர், சீனாவில் 11 கோடிக்கு மேல், மொத்தம் 44 கோடி. தொடர்ந்து இன்னும் இரண்டு பாகங்கள் வரும் என்று தேதியெல்லாம் அறிவித்திருந்தார்கள். இரண்டும் எடுக்கப்படவே இல்லை. ஓவர்சீஸ் காப்பாற்றியிருந்தால் அடுத்த பாகம் ஏன் வரவில்லை?

சரி, பணக் கணக்கு ஒரு பக்கம் இருக்கட்டும். என்னை நிஜமாகவே வருத்துவது வேறு. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கிற ரசிகனை ஸ்டூடியோக்கள் எப்படிப்பட்ட ஆளாக நினைத்துக்கொண்டன என்பதுதான் அது. அவனுக்கு வசனம் புரியாது, இடி வெடி போதும், நடுவில் அவன் நாட்டு முகம் ஒன்று வந்துபோனால் குஷியாகிவிடுவான் என்ற கணக்கு. 2011ல் வந்த 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' மூன்றாம் பாகத்தில், அமெரிக்க அலுவலகத்தில் ஒருவர் சீன கம்பெனியின் பாலை ரசித்து உறிஞ்சுவார். 'லூப்பர்' படத்தில் பாரிஸ் என்று எழுதியிருந்த பகுதியைச் சீனப் பணம் வந்ததும் ஷாங்காய்க்கு மாற்றினார்கள். 'அயர்ன் மேன் 3' சீனாவில் ஓடிய பிரதியில், வேறெங்கும் இல்லாத காட்சிகளைச் சீன நடிகர்களை வைத்து எடுத்து ஒட்டினார்கள். அந்தக் காட்சிகள் ஒட்டவில்லை என்று முதலில் சொன்னவர்களே சீன ரசிகர்கள்தான். காசு கொடுத்துத் தியேட்டருக்கு வருகிறவனுக்கு இது மரியாதை இல்லை.

ஸ்டார் வார்ஸ் இன்னொரு விதம். 2015ல் வந்த 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' அமெரிக்காவில் மட்டும் 93 கோடி டாலரைத் தாண்டியது. சீனாவில் 12 கோடி சொச்சம். படம் வருவதற்கு முன்பு சீனப் பெருஞ்சுவரில் 500 வெள்ளைக் கவசப் பொம்மை வீரர்களை நிறுத்தி விளம்பரம் செய்தார்கள். அடுத்து வந்த 'ரோக் ஒன்'னில் டோனி யென், ஜியாங் வென் என்று சீன ரசிகர்களுக்குத் தெரிந்த இரண்டு பெரிய நட்சத்திரங்களைப் போட்டார்கள். அப்படியும் வசூல் படத்துக்குப் படம் இறங்கி, 2018ல் 'சோலோ' சீனாவில் இரண்டு கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. அந்த நாட்டு ரசனை மட்டம் என்று அப்போது சிலர் எழுதினார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. ஸ்டார் வார்ஸ் வரிசையின் முதல் மூன்று படங்களும் வந்த 1977 முதல் 1983 வரையான காலத்தில் சீனத் தியேட்டர்களில் அவை ஓடவே இல்லை. மூன்றையும் பெரிய திரையில் அங்கே முதன்முதலாகக் காட்டியது 2015 ஜூனில், ஷாங்காய் திரைப்பட விழாவில். அப்பா கைபிடித்துக் கூட்டிப்போன ஞாபகம்தான் அமெரிக்காவில் அந்தப் படங்களின் பாதி பலம். அந்த ஞாபகமே இல்லாதவன் எதை நினைத்து உருகுவான்?

இதற்கு நேர் எதிராக 'இன்டர்ஸ்டெல்லர்' இருக்கிறது. கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். பேச்சு, பேச்சு, கருந்துளை, காலம் வளைவது, மறுபடி பேச்சு. அடித்து நொறுக்கும் சண்டை கிடையாது. வெளிநாட்டு ரசிகனுக்குப் புரியாது என்று ஒதுக்கவேண்டிய எல்லாம் அதில் இருந்தது. 2014ல் அமெரிக்காவில் முதல் ரிலீஸில் 20 கோடி டாலரைக்கூடத் தொடவில்லை. மொத்த வசூலில் பத்தில் ஏழு பங்குக்கு மேல் வெளியே இருந்து வந்தது. சீனாவில் 12 கோடி டாலர். தென்கொரியாதான் பெரிய ஆச்சரியம். மொத்த மக்கள்தொகை ஐந்து கோடி, விற்ற டிக்கெட் ஒரு கோடிக்கு மேல். ஐந்தில் ஒருவர் பார்த்த மாதிரி. இந்தியாவில் 2025 பிப்ரவரியில் மறுபடி வந்தபோது ஐமேக்ஸ் டிக்கெட்டுக்கு அடிதடி. மகள் கிழவியான பிறகும் தனக்கு வயதாகாமல் திரும்பிவரும் அப்பன் என்கிற ஒரே முடிச்சு எல்லா ஊரிலும் புரிந்தது. பிழைப்புக்காக வெளியூர் போன அப்பாவின் குரலை ஃபோனில் மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் எந்த நாட்டில்தான் இல்லை?

'அவதார்' பற்றிச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. உலக வசூல் ரீ-ரிலீஸ்களையும் சேர்த்து 292 கோடி டாலர். அதில் நாலில் மூன்று பங்குக்குச் சற்றுக் குறைவாக வெளிநாடுகளில் இருந்து வந்தது. 3டி மோகம்தான் காரணம் என்பார்கள். மோகம் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் நான் பார்த்தது வேறு.

2010 ஜனவரி, திருச்சி, தமிழ் டப்பிங். வாசலில் பிளாஸ்டிக் தட்டில் கண்ணாடிகளை அடுக்கிவைத்துக் கொடுத்தார்கள். முந்தின காட்சியில் போட்டதைத் துடைத்த ஈரம் இன்னும் இருந்தது. போகும்போது திருப்பிக் கொடுக்காவிட்டால் பிடித்துக்கொள்வோம் என்று மிரட்டல் வேறு. பக்கத்தில் அப்பா. அவர் பிறந்த ஊர் சுரங்கத்துக்குப் போய்விட்டது. வீடு, கிணறு, அம்மன் கோயில், எல்லையில் நின்ற புளியமரம், எல்லாம் இப்போது பள்ளம். படத்தில், சுரங்கம் தோண்ட வந்தவர்கள் நீல நிற மக்கள் குடியிருந்த அந்தப் பெரிய மரத்தைச் சாய்க்கும் காட்சி வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மங்கலாக இரண்டு இரண்டாகத் தெரியும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்படித்தான்டா சத்தம் வந்துச்சு" என்றார். அவ்வளவுதான். வீடு வரைக்கும் வேறு பேச்சில்லை.

அப்புறம்தான் படித்தேன். அதே மாதங்களில், வீடுகளை இடித்து மக்களை வெளியேற்றும் தங்கள் ஊர் விவகாரத்தோடு அந்தப் படத்தை ஒப்பிட்டுச் சீனாவில் பலர் எழுதியிருக்கிறார்கள். பொலிவியாவின் அதிபராக இருந்த எவோ மொராலெஸ் அதைப் பாராட்டிப் பேசினார். பாலஸ்தீனத்தின் பிலின் கிராமத்தில், இஸ்ரேலின் தடுப்புச் சுவருக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள் உடம்பில் நீலம் பூசிக்கொண்டு நடந்தார்கள். 3டி கண்ணாடிக்காக இதெல்லாம் நடக்கவில்லை. 'வெளிநாடு' என்று ஒரே கட்டத்தில் எழுதிவைக்கிற எண்ணுக்குள் இத்தனை ஊர்களின் இழப்பு உட்கார்ந்திருக்கிறது.

ஹாலிவுட் இதைக் கவனிக்கத் தவறியதற்கு விலையும் கொடுத்தது. 2018ல் வந்த 'பசிபிக் ரிம்' இரண்டாம் பாகம் மொத்தமே 29 கோடி டாலரோடு நின்றது. முதல் படத்தைக் காப்பாற்றியதாகச் சொன்ன சீனாவிலும் வசூல் இறங்கியது. அடுத்த வருடம் சீனப் புத்தாண்டுக்கு அவர்களுடைய சொந்த சயின்ஸ் ஃபிக்‌ஷன் படம், 'தி வாண்டரிங் எர்த்', 460 கோடி யுவானுக்கு மேல் அள்ளியது. சூரியன் அழியப்போகிறது, அதற்காக வேறு கிரகம் தேடி ஓடாமல், பூமிக்கே எஞ்சின் மாட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஊரை விட்டுப் போக மனசில்லாதவர்களின் கதை. இதை எந்த ஸ்டூடியோ கூட்டத்திலும் யாரும் யோசித்திருக்க வாய்ப்பில்லை. 2025 ஏப்ரலில், வரி விதிப்புச் சண்டைக்கு நடுவே, அமெரிக்கப் படங்களின் எண்ணிக்கையைக் குறைக்கப்போவதாகச் சீன அரசு அறிவித்தது. ரசிகர்கள் அதற்கு முன்பே பெரும்பாலும் நகர்ந்துவிட்டார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், எண்களைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த நாட்டில் எவ்வளவு, அதில் ஷேர் எவ்வளவு என்று பிரித்துப் போடுங்கள். அந்த நாட்டு ஆள் எதைப் பார்த்து அழுதான் என்பதையும் இரண்டு வரி விசாரித்து எழுதுங்கள்.

2022 டிசம்பரில் 'அவதார்' இரண்டாம் பாகம் வந்தபோது அப்பாவைக் கூட்டிப்போனேன். முட்டி வலியோடு படி ஏறி வந்தார். கண்ணாடியை வாங்கி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "அந்த மரம் திரும்ப முளைச்சிருக்குமாடா?"