நூற்றுக்குப் பதினொன்று

என் அக்கா மகள் போன வருடம் எட்டாம் வகுப்பில் இருக்கும்போது ஐஓக்யூஎம் (IOQM) என்ற கணிதத் தேர்வை எழுதினாள். பள்ளி மாணவர்களுக்கான சர்வதேசப் போட்டியான கணித ஒலிம்பியாடுக்குப் போகிற வழியில் முதல் படி அது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் பன்னிரண்டாவது படிக்கிற பையனுக்கும் ஒரே தாள். 30 கேள்வி, 3 மணி நேரம், 100 மதிப்பெண். ஏ, பி, சி, டி எல்லாம் கிடையாது. ஒவ்வொரு விடையும் 00-லிருந்து 99-க்குள் ஏதோ ஒரு முழு எண். அதை ஓஎம்ஆர் தாளில் நிரப்ப வேண்டும். குருட்டாம்போக்கில் நிரப்பினால் நூற்றில் ஒரு வாய்ப்பு.

அவள் வாங்கியது 11.

ஒன்றாம் வகுப்பிலிருந்து கணக்கில் சென்டத்தை விட்டு இறங்காத பெண். அத்தான் ரிசல்ட் பக்கத்தை மூன்று முறை ரெஃப்ரெஷ் செய்தார், பக்கத்தில் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்குமோ என்று. (அப்படிச் சேர்ந்தால் 110 ஆகிவிடும், அது வேறு விஷயம்.) பள்ளியில் கணக்கு டீச்சர் சொன்னது இன்னும் அழகு: "இதெல்லாம் பதினொண்ணாவதுல பாத்துக்கலாம். இப்பவே எழுத வச்சு எதுக்குப் பிள்ளையோட கான்ஃபிடன்ஸைக் கெடுக்கறீங்க?"

அந்தக் கேள்வியோடுதான் எனக்குச் சண்டை. அதற்குத்தான் இந்தப் பதிவு.

தேர்வு நடந்த ஞாயிற்றுக்கிழமை, மைய வாசலில் வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் நின்றேன். பக்கத்தில் ஒருவர். அவர் பையனும் எட்டாவதுதான். ஆறாவதிலிருந்தே ஃபவுண்டேஷன் கோச்சிங்காம். "டிஃபரன்சியேஷன் முடிச்சுட்டான் சார், இப்ப இன்டக்ரேஷன் போயிட்டிருக்கு" என்றார். ஏதோ சாலைப் பணி நடக்கிற மாதிரி. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் சொன்ன இரண்டும் நுண்கணிதம் (கால்குலஸ்). அந்தத் தேர்வின் பாடத்திட்டத்தில் அதுவே கிடையாது. எண் கோட்பாடு, வடிவியல், இயற்கணிதம், எண்ணிக்கைக் கணக்குகள், அவ்வளவுதான். கருவிகள் பெரும்பாலும் பத்தாவதைத் தாண்டாது. ஆனால் அந்தக் கருவிகளை வைத்து என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

ரொம்ப எளிய உதாரணம் ஒன்று. 2024 ஏழுகளை ஒன்றோடொன்று பெருக்கினால் வரும் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்ன? பெருக்க உட்கார்ந்தால் ஆயுசு போதாது. 7, 49, 343, 2401 என்று நாலே நாலு படி போட்டுப் பாருங்கள். 01-ல் முடிகிறது. இனி நாலு நாலு ஏழாகப் பெருக்கிக்கொண்டே போனாலும் 01-தான். 2024 நாலால் வகுபடும். விடை 01. இதற்கு ஆறாம் வகுப்புப் பெருக்கல் போதும். பயப்படாமல் நாலு வரி கிறுக்கிப் பார்க்கிற பழக்கம்தான் வேண்டும். தாளில் வருவதெல்லாம் இதைவிடப் பல மடங்கு முரட்டுத்தனமானவை, ஆனால் ரகம் இதுதான்.

மேல்வகுப்புப் பாடத்தை முன்கூட்டியே முடிப்பதும் மேல்வகுப்புத் தேர்வைத் துணிந்து எழுதுவதும் ஒன்றில்லை. முதலாவதை நான் எதிர்க்கிறேன். நாலு வருடம் கழித்துச் சாப்பிட வேண்டிய சோற்றை இன்றைக்கே ஊட்டிவிட்டு, பிள்ளை ஏப்பம் விட்டதும் பெருமைப்படுகிற வேலை அது. இரண்டாவது வேறு. நம் பிள்ளைகளின் பள்ளி வாழ்க்கையில் தெரியாது என்று உட்கார்ந்திருப்பதற்கு அனுமதி கிடைக்கிற ஒரே தேர்வு அதுதான். குறைந்தால் ரேங்க் போகாது, சீட் போகாது. தவறான விடைக்கு மைனஸ்கூட இல்லை.

இன்றைய பெரிய கணித மேதைகளில் ஒருவரான டெரன்ஸ் டாவோ 1986-ல் வார்சாவில் நடந்த சர்வதேசக் கணித ஒலிம்பியாடில் ஆஸ்திரேலியாவுக்காக எழுதியபோது அவருக்கு வயது 10. எல்லோரும் இத்தோடு நிறுத்தி "பாத்தியா?" என்று பிள்ளையைப் பார்ப்பார்கள். அவர் வாங்கியது 42-க்கு 19, வெண்கலம். அடுத்த வருடம் ஹவானாவில் 40. அந்த வருடம் தங்கத்துக்கு முழு 42-ம் வேண்டியிருந்தது, அதனால் வெள்ளி. 1988-ல் கான்பெராவில் தங்கம், அதிலும் ஆறாவது கணக்கில் 7-க்கு 1 மதிப்பெண்தான். அந்த 19-ஐப் பார்த்து வீட்டில் யாராவது "கான்ஃபிடன்ஸ் போயிடும், பதினொண்ணாவதுல பாத்துக்கலாம்" என்று சொல்லியிருந்தால்? பிறகு பிரின்ஸ்டனில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது வாய்மொழித் தேர்வில் மயிரிழையில் தப்பியதையும் அவரே எழுதியிருக்கிறார். சரியாகத் தயாராகாமலே போயிருந்தார். சரியாகப் படிக்காமலே தப்பித்துவிடலாம் என்று பழகினால் என்ன ஆகும் என்பதற்கு, கணிதத்தின் மிக உயரிய விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கியவரே சாட்சி.

ராமானுஜன் பெயரைச் சொல்லாவிட்டால் இந்தப் பதிவின் கீழே வந்து திட்டுவீர்கள். சரி, அவரும்தான். 13 வயதில் கல்லூரித் திரிகோணமிதிப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர். ஆனால் அவருக்கு மேல்வகுப்புத் தேர்வு எதையும் யாரும் வைக்கவில்லை. கிடைத்தது புத்தகம். தேர்வு என்று வந்தபோது, அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வான எஃப்.ஏ.வில் மற்ற பாடங்களில் கோட்டைவிட்டார். அவரை இந்த வழக்கில் எந்தப் பக்கச் சாட்சியாகவும் கூப்பிட முடியாது.

எல்லாப் பிள்ளையும் எழுத வேண்டுமா? வேண்டாம். கேட்கிற பிள்ளை எழுதட்டும். எங்கள் வீட்டில் அவளேதான் கேட்டாள், பழைய வினாத்தாளை நெட்டில் பார்த்துவிட்டு. கேட்காத பிள்ளையை இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தால் மூன்று மணி நேரச் சிறைதான். கேட்கிற பிள்ளைகள் அரசுப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். இப்படி ஒரு தேர்வு இருக்கிறது என்பதே அங்கே பலருக்குத் தெரியாது என்பதுதான் என் உண்மையான ஆதங்கம். அதைத் தனியாக எழுத வேண்டும்.

அன்றைக்கு அவள் வெளியே வந்தபோது முகத்தில் அழுகை இல்லை. "மாமா, ஒரு கணக்கு. அரை மணி நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன். வரவே இல்ல" என்றாள். குரலில் ஒரு குறுகுறுப்பு. மதியச் சாப்பாட்டுக்கு ஓட்டலில் உட்கார்ந்ததும் டிஷ்யூ பேப்பரில் வட்டம் போட்டாள், உள்ளே முக்கோணம் போட்டாள், சாம்பார் சிந்தியது, இன்னொரு பேப்பர் எடுத்தாள். ரிசல்ட் வந்து வீடு களேபரமான நாளிலும் அந்த வட்டம் நோட்டின் பின்பக்கத்தில் இருந்தது. தீபாவளி லீவில் ஒருநாள் இரவு பத்தரை மணிக்கு அக்கா போனிலிருந்து அழைப்பு. யாருக்கோ ஏதோ ஆகிவிட்டதென்று பதறி எடுத்தேன். "மாமா, வெளியில ஒரு கோடு போடணும். அவ்ளோதான். வட்டத்துக்கு வெளியில!"

இந்த வருடமும் எழுதுகிறாள். வாசலில் நிற்கப் போவது நான்தான். அத்தானை வர வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது.