மாசியின் தூரத்துச் சொந்தம்: மகுராசாக்கி

சூரை மீனில் செய்யும் மாசிக் கருவாட்டை எங்கள் ஆச்சி உரலில் போட்டுத்தான் இடிப்பார். கத்தி இறங்காது, அப்படி ஒரு இறுக்கம். அதே சூரை மீனை வேக வைத்து, புகை போட்டு, ஜப்பானில் ஒரு ஊரே பிழைக்கிறது என்று தெரிந்ததிலிருந்து அந்த ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடி வாசிக்கிறேன்.

ஊர் பெயர் மகுராசாக்கி. கியூஷூ தீவின் தென்கோடியில், ககோஷிமா மாகாணத்தில் இருக்கிறது. சுமார் 20,000 பேர்தான் மக்கள்தொகை. ககோஷிமாவிலிருந்து வரும் ரயில் பாதை அங்கே முடிந்துவிடும். 1945 செப்டம்பர் 17 அன்று பெரும் புயல் ஒன்று இதன் அருகே கரையேறி, ஹிரோஷிமா வரை போய் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. அந்தப் புயலுக்கும் இந்த ஊரின் பெயர்தான். சர்க்கரைவள்ளிக் கிழங்கில் காய்ச்சும் ஷோச்சூ மதுவும் தேயிலையும் இங்கே உண்டு. ஆனால் ஊரின் உயிர் கட்சுவோபுஷி என்ற அந்தப் புகை போட்ட சூரைக் கருவாடு. ஜப்பானிலேயே அதை மிக அதிகமாகச் செய்யும் ஊர் இதுதான்.

எப்படிச் செய்கிறார்கள் என்று கேளுங்கள். சூரையை நீளவாக்கில் துண்டாக்கி, கூடைகளில் அடுக்கி, கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள சூட்டில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வைக்கிறார்கள். ஆறியதும் முள்ளைக் கையாலேயே ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். அப்புறம் கருவாலி (ஓக்) போன்ற கட்டை விறகில் புகை. ஒரே மூச்சில் காய வைத்தால் மேல்புறம் இறுகி, உள்ளே ஈரம் தங்கிவிடும். அதனால் புகை போட்டு ஆற வைப்பார்கள். உள்ளிருக்கும் ஈரம் மெல்ல வெளியே வரும். மறுபடி புகை. இப்படிப் பத்து முறைக்கு மேல். அதோடு விட்டால் ஒரு தரம். உயர்ந்த தரம் வேண்டுமென்றால் மேலே படிந்த கரியைச் சீவிவிட்டு, நல்ல பூஞ்சணத்தை வளர விட்டு, வெயிலில் காய வைத்து, திரும்பவும் பூக்க விடுவார்கள். பூஞ்சணம் மிச்ச ஈரத்தை உறிஞ்சும், கொழுப்பையும் உடைக்கும். ஆறு மாதம் வரைகூட ஆகும். முடிவில் ஐந்து கிலோ மீன் ஒரு கிலோகூடத் தேறாது. இரண்டு துண்டுகளைத் தட்டினால் மரக்கட்டை மாதிரி சத்தம் வரும். அதைச் சீவித்தான் தாஷி என்ற சாறு எடுக்கிறார்கள். அந்தச் சாற்றின் சுவைக்கு இனோசினிக் அமிலம் காரணம் என்று 1913இல் ஷின்தாரோ கொடாமா என்ற ஜப்பானிய ஆய்வாளர் கண்டறிந்ததும் கட்சுவோபுஷியிலிருந்துதான்.

மீனில் பெரும்பகுதி வெப்பமண்டலப் பசிபிக்கில் பிடித்து உறைய வைத்து வருவது, ஆலைகளில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் இருக்கிறார்கள், இதில் என்ன ஊர்ப் பெருமை என்று சிலர் கேட்கலாம். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. எந்த நேரத்தில் நெருப்பைத் தணிக்க வேண்டும், எப்போது மீனை ஆற விட வேண்டும் என்ற அறிவு அந்த ஊரில்தான் இருக்கிறது. 1700களின் தொடக்கத்தில் ஜப்பானின் கிஷூ என்ற பகுதியிலிருந்து வந்த அறிவு அது. புகையில் உண்டாகும் சில பொருள்களைக் காரணம் காட்டி ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகள் கட்சுவோபுஷிக்குக் கதவை அடைத்தபோது, மகுராசாக்கிக்காரர்கள் ஒன்றுசேர்ந்து பிரான்சின் கொங்கார்னோ என்ற மீன்பிடி ஊரிலேயே ஆலை போட்டார்கள். 2016இல் அது திறந்தது. என்ன துணிச்சல்!

இதை வாசிக்கும்போதெல்லாம் நம் மாசி நினைவுக்கு வந்து மனம் கனக்கிறது. மாசியின் ஊரான மாலத்தீவில் 1340களில் இருந்த பயணி இபன் பதூதா, அங்கே மீனை வேக வைத்துப் புகையூட்டி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவதை எழுதி வைத்திருக்கிறார். அவ்வளவு பழைய சரக்கு. இலங்கையில் அது இல்லாமல் சம்பல் இறங்காது. ஆனால் நம் கடைகளில் அது சாக்கில் கிடக்கிறது. எந்தத் தீவில் செய்தது, யார் செய்தது, எத்தனை நாள் காய்ந்தது, எதுவும் அதன்மேல் இருக்காது. நாமும் கேட்பதில்லை, விலையை மட்டும் கேட்கிறோம்.

அடுத்த முறை தூத்துக்குடி போகும்போது கருவாட்டுக் கடை அண்ணாச்சியிடம் கேட்கப் போகிறேன், இது எந்த ஊர் மாசி, எந்த விறகில் புகை போட்டது என்று.