சட்ட நூலகத்தில் எதை வெளியே கொடுக்கலாம், எதைக் கொடுக்கவே கூடாது

அமெரிக்க சட்ட நூலகர்களிடம் அவுட்சோர்சிங் என்று பேச்செடுத்தால் 1995தான் முதலில் வரும். பேக்கர் அண்ட் மெக்கன்சி என்ற பெரிய சட்ட நிறுவனம் தன் சிகாகோ அலுவலக நூலக ஊழியர்களை அனுப்பிவிட்டு, வேலையை வெளியாரிடம் கொடுத்த வருடம் அது. அந்த அதிர்ச்சி இன்னும் முழுதாக அடங்கவில்லை. அதனாலேயே, எதைக் கொடுத்தாலும் துரோகம் என்கிற நிலைக்குப் பல நூலகர்கள் போய்விடுகிறார்கள். நான் அந்தப் பக்கம் இல்லை. ஆனால் வழக்கறிஞரின் கேள்விக்குப் பதில் தேடும் வேலையும், எதை வாங்குவது என்று முடிவெடுக்கும் வேலையும் நிறுவனத்தை விட்டு வெளியே போகவே கூடாது என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

முதலில் கொடுக்கக்கூடியதைச் சொல்கிறேன். லூஸ்லீஃப் தொகுதிகளில், அதாவது சட்டம் மாறும்போது பழைய தாளை எடுத்துப் புதிதைச் செருகும்படி கோத்த நூல்களில், தாள் மாற்றுவது பல காலமாகவே வெளி ஆட்கள் வந்து செய்யும் வேலை. பதிப்பகம் அனுப்பும் ஒவ்வொரு புதிய தாள் கட்டோடும், அதாவது ரிலீஸோடும், ஒரு குறிப்புத்தாள் வரும்: இந்தப் பக்கம் முதல் இந்தப் பக்கம் வரை எடு, இதைச் செருகு. எளிய வேலை மாதிரித் தெரியும். ஆனால் 47ஆம் ரிலீஸ் தபாலில் தொலைந்து, 48ஐ மட்டும் செருகிவிட்டால், நடுவில் ரத்தான விதி அப்படியே உட்கார்ந்திருக்கும். அதைப் படிக்கும் வழக்கறிஞர் இதுதான் இன்றைய சட்டம் என்று நம்புவார். ஆகவே எண் வரிசை விட்டுப்போனால் செருகாமல் நிறுத்தி, பதிப்பகத்திடம் விடுபட்டதைக் கேட்டு வாங்க வேண்டும். ரிலீஸ் கணக்கில் கூலி பேசினால் யாரும் நிறுத்த மாட்டார்கள். மணிக்கணக்கில் பேசுங்கள். மாதம் பத்து தொகுதிகளை நூலகரே எடுத்து, முன்னால் இருக்கும் சரிபார்ப்புப் பக்கத்தோடு ஒப்பிடட்டும். நூல்களைப் பட்டியலிடும் வேலையையும் இப்படி வெளியே கொடுக்கலாம். பெரும்பாலான நூல்களுக்கு மார்க் பதிவு (கணினியில் ஏற்றக்கூடிய நூல் விவரக் குறிப்பு) ஏற்கெனவே இருக்கிறது, இறக்கிக்கொண்டால் போதும்.

ஆராய்ச்சிக் கேள்வி வேறு ரகம். "இந்தக் கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கை வேண்டும்" என்று நிறுவனத்தின் பங்குதாரரான ஒரு வழக்கறிஞர் கேட்கிறார் என்றால், வெளியே தெரியாத ஒரு கம்பெனி இணைப்புப் பேச்சு நடக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். ஒரே சேவை நிறுவனம் பல சட்ட நிறுவனங்களுக்கு வேலை செய்யும்போது, அதே மேஜைக்கு எதிர்த்தரப்பின் கேள்வியும் வரும். அமெரிக்க வழக்கறிஞர் சங்கமான அமெரிக்க பார் அசோசியேஷன் 2008இல் வெளியிட்ட 08-451ஆம் கருத்துரை வெளியே வேலை கொடுப்பதைத் தடுக்கவில்லை. ஆனால் ரகசியத்துக்கும் மேற்பார்வைக்கும் பொறுப்பு வழக்கறிஞரிடமே இருக்கிறது என்றது. சேவை தருபவர் எதிர்த்தரப்புக்கும் வேலை செய்கிறாரா என்று பார்க்கவும் சொன்னது. கேள்வி வரும் ஒவ்வொரு முறையும் இதை யார் பார்ப்பது? பெரும்பாலான ஒப்பந்தங்களில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது.

கேள்வி கேட்பவர் கேட்பதும் அவருக்குத் தேவைப்படுவதும் பல நேரம் வேறு வேறு. கூடவே இருக்கும் நூலகர் "எந்த நீதிமன்றம்? மனு என்றைக்குத் தாக்கல்?" என்று இரண்டு கேள்வியில் பிடித்துவிடுவார். வெளி ஆள், எழுதி வந்த கோரிக்கைக்கு மட்டும் சரியான பதிலை அனுப்பிவிட்டுக் கணக்கை முடித்துவிடுவார். இதன் செலவு நூலகப் பட்ஜெட்டில் தெரியாது. அந்தப் பதில் போதாமல், மணிக்கு 400 டாலர் வாங்கும் இளம் வழக்கறிஞர் இரண்டு மணி நேரம் தானே தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 800 டாலரைக் கட்சிக்காரர் கொடுக்க மறுத்தால் அது நிறுவனத்தின் தலையில்தான் விழும். "நூலகத்தில் மிச்சம்" என்று காட்டும் அறிக்கையில் இந்த எண்ணை நான் பார்த்ததே இல்லை.

வாங்கும் முடிவை வெளியே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஹவாய் பொது நூலகங்கள் சாட்சி. 1996இல் அங்கே நூல் தேர்வையே பேக்கர் அண்ட் டெய்லர் என்ற நூல் மொத்த விற்பனை நிறுவனத்திடம் கொடுத்தார்கள்; எந்த நூலானாலும் ஒரே விலை, 20.94 டாலர். விலை ஒன்றென்றால் மலிவான நூலை அனுப்புகிறவருக்குத்தான் லாபம். வந்த நூல்களைப் பார்த்து நூலகர்கள் கொதித்தார்கள், அடுத்த வருடமே ஒப்பந்தம் ரத்தானது. சட்ட நூலகத்தில் இதே இடத்தில் இருப்பது வெஸ்ட்லா, லெக்சிஸ் என்ற சட்டத் தரவுத்தளங்களின் ஒப்பந்தம். பல நிறுவனங்களின் விலையை அறிந்த ஆலோசகர் பேரத்துக்கு உதவுவார். அதை மறுக்க மாட்டேன். ஆனால் வரிப்பிரிவு எந்தத் தரவுத்தளத்தைத் தொடுவதே இல்லை, எந்தத் தேடல் மொத்தக் கட்டணத்துக்கு வெளியே போய்த் தனியாகப் பில் போடுகிறது என்பதை மாதாமாதம் பார்ப்பவர் உள்ளே இருந்தால்தான் அந்த ஆலோசகரிடம் பேசவே முடியும்.

கடைசியாக, கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தம் முடியும் நாளைப் பற்றி எழுதி வாங்குங்கள். பட்டியல் பதிவுகள், பழைய ஆராய்ச்சிக் கேள்விகளும் பதில்களும், கடவுச்சொற்கள், எந்த இதழ் யாரிடம் சுற்றுக்குப் போகிறது என்கிற பட்டியல், எல்லாம் நிறுவனத்தின் சொத்து என்றும், இன்னொரு மென்பொருளில் ஏற்றக்கூடிய வடிவில் முப்பது நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால், நூலகத்தைத் திரும்ப உள்ளே கொண்டுவர நினைக்கும்போது அந்தக் கோப்புகளுக்கே விலை கேட்பார்கள்.