பிளாட்டினம் செய்வதை இரும்பும் செய்யும்

மாசில்லா மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் என்று பேச்செடுத்தாலே சூரிய மின்சாரம், காற்றாலை, யூனிட் விலை என்றுதான் பேச்சு போகிறது. அந்த வேதிவினையை எளிதாக்கி வேகப்படுத்தும் வினையூக்கியைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. எனக்கு இதில் ரொம்ப நாளாகவே ஆதங்கம் உண்டு.

உலகம் இன்று ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் ஹைட்ரஜன் தயாரிக்கிறது. அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது. கரியமில வாயுவும் கூடவே வெளியேறுகிறது. தண்ணீரைப் பிரித்து எடுத்தால் அந்தக் கேடு இல்லை. ஆனால் போடுகிற மின்சாரம் வெப்பமாக வீணாகாமல் இருக்க மின்வாயின் மேல் நல்ல வினையூக்கி வேண்டும். வெயிலும் காற்றும் போல ஏறி இறங்கும் மின்சாரத்துக்கு நன்றாக ஈடுகொடுப்பவை, தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் கருவிகளான மின்பகுப்பான்களில், புரோட்டானைக் கடத்தும் சவ்வு வைத்த வகை. அவற்றில் ஹைட்ரஜன் வரும் பக்கம் பிளாட்டினம், ஆக்சிஜன் வரும் பக்கம் இரிடியம். இரண்டும் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவில்தான் தோண்டப்படுகின்றன. இரிடியமோ உலகம் முழுக்கச் சேர்த்தாலும் ஆண்டுக்கு 10 டன்கூடத் தேறாது. நிக்கல் மின்வாய் வைத்த பழைய காரவகை மின்பகுப்பான்கள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, நன்றாகவே உழைக்கின்றன. ஆனால் மின்சாரம் சட்டென்று ஏறி இறங்கினால் அவை தடுமாறும்.

அப்புறம் இன்னொரு பக்கம் பாருங்கள். ஆக்சிஜன் இல்லாத சேற்றிலும் குடலிலும் வாழும் பாக்டீரியாக்கள் இதே ஹைட்ரஜனை இரும்பை வைத்தே தயாரிக்கின்றன. அந்த வேலையைச் செய்யும் நொதிக்கு, அதாவது செல்லின் வினையூக்கிப் புரதத்துக்கு, ஹைட்ரஜனேஸ் என்று 1931-ல் பெயர் வைத்தவர்கள் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ஜரி ஸ்டீஃபன்சனும் லியனார்ட் ஸ்டிக்லண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அணு அணுவாகப் பார்க்க 1990-கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பார்த்தபோது கிடைத்த காட்சியை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தீரவில்லை. புரதத்தின் நடுவே இரண்டு இரும்பு அணுக்கள். அவற்றைப் பிடித்திருப்பவை கார்பன் மோனாக்சைடும் சயனைடும். நமக்கு நஞ்சான இரண்டையும் செல்லே அளந்து தயாரித்து அங்கே பொருத்துகிறது. இரண்டு இரும்பையும் இணைக்கும் சிறு பாலத்தின் நடுவில் ஒரு நைட்ரஜன் அணு நிற்கிறது. அது புரோட்டானை வாங்கி, இரும்பின் காலியான மூலைக்கு நேராக நீட்டுகிறது. எலக்ட்ரான்கள் இரும்பு-கந்தகக் கொத்துகள் வழியாக ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. இரண்டும் கூடி ஹைட்ரஜன் வெளியேறுகிறது. இப்படி ஒரே நொதி ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. அதுவும் சாதாரண வெப்பநிலையில், கூடுதல் மின்னழுத்தம் ஏறக்குறைய எதுவும் கேட்காமல்.

சரி, அப்படியானால் இந்த நொதியையே மின்வாயில் பூசிவிடலாமே? ஆய்வகத்தில் பூசிப் பார்த்தாகிவிட்டது, வேலையும் செய்கிறது. ஆனால் இந்த இரட்டை இரும்பு வகை, ஆக்சிஜன் பட்டால் திரும்ப எழ முடியாமல் செத்துப்போகும். நிக்கலும் இரும்பும் சேர்ந்த வகையில் சில தாக்குப்பிடிக்கின்றன. 2023-ல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகக் குழு விவரித்த ஹக் என்ற நொதி, அதே வினையைத் தலைகீழாகச் செய்து, காற்றில் பத்து லட்சத்தில் அரைப் பங்கு அளவுக்கே உள்ள ஹைட்ரஜனைக்கூட எரித்து எலக்ட்ரான் எடுக்கிறது. அருமையான அறிவியல் அது. அதைப் போய் ‘காற்றிலிருந்து மின்சாரம்’ என்று தலைப்புப் போட்டுப் பரப்பியதில் எனக்கு உடன்பாடில்லை. அவ்வளவு அரிதாக இருக்கும் வாயுவிலிருந்து கிடைப்பது மிக மிகச் சிறிய மின்னோட்டம்தான். வீட்டு விளக்கு எரியும் என்று நம்பியவர்கள் நாளைக்கு இந்தத் துறையையே பொய் என்பார்கள்.

ஜெர்மனியில் போஹும், முல்ஹைம் ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட வழி எனக்குப் பிடித்தமானது. எலக்ட்ரானைக் கடத்தும் ஒரு கூழ்மத்துக்குள் (ஜெல்) நொதியைப் புதைத்தார்கள். ஹைட்ரஜனை எரித்து நொதி தரும் எலக்ட்ரான்களே, உள்ளே நுழையப் பார்க்கும் ஆக்சிஜனை மேற்பரப்பிலேயே தீர்த்துக்கட்டிவிடுகின்றன.

இன்னொரு வழி, நொதியின் மையத்தை மட்டும் பார்த்துச் செய்வது. அமெரிக்காவின் பசிபிக் வடமேற்கு தேசிய ஆய்வகத்தில், அந்த நைட்ரஜன் தந்திரத்தை நிக்கல் சேர்மம் ஒன்றில் வைத்தார்கள். 2011-ல் அது நொடிக்கு ஒரு லட்சத்துக்கும் மேல் ஹைட்ரஜன் மூலக்கூறுகளைத் தந்தது. வேகத்தில் நொதியையே முந்திவிட்டது. ஆனால் அதற்காக நிறைய மின்னழுத்தத்தை விழுங்கியது. நொதியின் சிக்கனம் மையத்தில் மட்டும் இல்லை, சுற்றியுள்ள புரதத்திலும் இருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆய்வுப் பணம் அந்தச் சுற்றுப்புறத்தைப் புரிந்துகொள்ளவும் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆயுள்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி. தொழிற்சாலையில் ஒரு மின்பகுப்பான் பல்லாயிரம் மணி நேரம் ஓட வேண்டும். நொதி அவ்வளவு தாங்காது. செல்லுக்குள்ளும் அது தாங்குவதில்லை, செல் புதிது செய்துகொள்கிறது. இலையையே பாருங்கள். ஆக்சிஜன் பக்கத்தில் இரிடியம் செய்யும் வேலையை அங்கே நான்கு மாங்கனீசும் ஒரு கால்சியமும் செய்கின்றன. அவற்றைத் தாங்கும் புரதம் கடும் வெளிச்சத்தில் அரைமணிக்கொரு முறை சிதைகிறது. ஓடும் வண்டியிலேயே தேய்ந்த பாகத்தை மாற்றுவது போல இலை அதை மாற்றிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே தேயாத வினையூக்கியைத் தேடுவதோடு, தேய்ந்தால் தானே சரிசெய்துகொள்ளும் வினையூக்கியையும் தேட வேண்டும். டேனியல் நோசெரா குழு 2008-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் காட்டிய, ஆக்சிஜன் பக்கத்துக்கான கோபால்ட்-பாஸ்பேட் படலம் அப்படிப்பட்டது. கரைந்த கோபால்ட், மின்சாரம் பாயும்போது திரும்ப மின்வாயிலேயே படிந்துவிடும். ஹைட்ரஜன் பக்கத்து இரும்புக்கும் இப்படியொரு வழி செய்ய முனைகிற ஆய்வுக்குத்தான் முதலில் பணம் ஒதுக்கச் சொல்வேன்.