பேண்டுக்குப் போய் இதை எழுதினாரா?

போன வாரம் டீக்கடையில் ஒரு நண்பரிடம் செக் இசையமைப்பாளர் காரெல் ஹூசாவின் ‘மியூசிக் ஃபார் ப்ராக் 1968’ என்ற படைப்பைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயலின், செல்லோ எதுவும் கிடையாது, முழுக்க ஊதுகருவிகளும் தாளக்கருவிகளும்தான் என்றதும், “பேண்டா? இவ்வளவு பெரிய விஷயத்தைப் பேண்டுக்குப் போய் எழுதினாரா?” என்று சிரித்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பேண்டு என்றால் நமக்குக் கல்யாண ஊர்வலம், இல்லையென்றால் குடியரசு தின அணிவகுப்பு. பள்ளியில் மூன்று வருஷம் கிளாரினெட் ஊதியவன் நான். மார்ச் மார்ச்சாக வாசித்து உதடு மரத்துப்போனதுதான் மிச்சம். இந்தக் கருவிக் கூட்டத்தால் அழவும் முடியும் என்று அப்போது யாரும் சொல்லித் தரவில்லை.

ஹூசா அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகர் ப்ராகில் பிறந்தவர், 1921-ல். 1946-ல் படிக்க பாரிஸுக்குப் போனவர், தாய்நாட்டில் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்ததும் திரும்பவில்லை. 1954-லிருந்து அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1968 ஆகஸ்டில், அங்கே மலர்ந்துகொண்டிருந்த சுதந்திரத்தை நசுக்க, சோவியத் தலைமையில் டாங்கிகள் ப்ராகுக்குள் நுழைந்தபோது அவர் ஏரிக்கரை வீட்டில் ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். அதே ஊரின் இத்தாக்கா கல்லூரி தன் மாணவர் பேண்டுக்காக ஒரு படைப்பு கேட்டிருந்தது. உள்ளே கொதித்ததையெல்லாம் அதில் கொட்டினார். 1969 ஜனவரி 31 அன்று வாஷிங்டனில் அந்த மாணவர்கள் அதை முதன்முதலில் வாசித்தார்கள். அதற்குப் பதினைந்து நாள் முன்புதான், அந்தப் படையெடுப்பை எதிர்த்து, யான் பாலாக் என்ற இருபது வயது மாணவன் ப்ராகின் வென்செஸ்லாஸ் சதுக்கத்தில் தனக்குத்தானே தீ வைத்துக்கொண்டான். மேடையில் இருந்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அவன் வயதுதான்.

சரி, இசைக்கு வருகிறேன். பேண்டு முழுவதும் கருவியோடு உட்கார்ந்திருக்க, ஒரே ஒரு பிக்கலோ, அதாவது குட்டிப் புல்லாங்குழல், தனியாகத் தொடங்கும். பறவைக் குரல். ஆயிரம் வருஷத்தில் ப்ராக் கண நேரங்களுக்கு மட்டுமே பார்த்த சுதந்திரத்தின் அடையாளம் அது என்று ஹூசாவே முன்னுரையில் சொல்கிறார். அதன் அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு, கேட்டும் கேட்காததுமாய், ஒரு பழைய மெட்டின் தொடக்கத்தைத் தட்டும். பதினைந்தாம் நூற்றாண்டில் ஹுசைட் என்ற செக் மதச் சீர்திருத்தப் பிரிவின் போராளிகள் பாடிய போர்ப் பாடல் அது. செக் மக்களுக்கு அது வெறும் மெட்டு இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு செக் இசையமைப்பாளர் ஸ்மெட்டனாவும் எடுத்தாண்டது. வீட்டில் பாட்டி பாடிய தாலாட்டை யாராவது பக்கத்து அறையில் மேஜைமேல் தட்டினால் நமக்குச் சட்டென்று பிடிபடுமே, அப்படி.

எனக்குப் பிடிபடவில்லை. முதல் தடவை கேட்டபோது, ஏதோ முரட்டு நவீன இசை என்று பாதியில் நிறுத்திவிட்டேன். முன்னுரையைப் படித்த பிறகுதான் திரும்பக் கேட்டேன். விளக்கவுரை இருந்தால்தான் விளங்கும் என்கிற இசைமேல் எனக்குப் பொதுவாக மரியாதை கிடையாது. இதற்கு மட்டும் விதிவிலக்கு தருகிறேன்.

இரண்டாம் பகுதியில் சாக்ஸபோன்கள் அடிக்குரலில் ஒரு நீண்ட புலம்பலை எடுக்கும். பேண்டுக்குப் போய் எழுதினாரா என்ற கேள்விக்கு என் பதில் இங்கேதான் இருக்கிறது. வயலின்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டும் வில்லை இழுக்கலாம். ஊதுகிறவருக்கு அந்த வசதி இல்லை. மூச்சு தீர்ந்தால் சுரம் நின்றுவிடும். அழுகிறவர்கள் நடுவில் மூச்சை இழுத்துக்கொள்வார்களே, அந்த இழுப்பு இந்தக் கருவிகளில் தானாகவே வந்துவிடுகிறது. பின்னால் ஹூசாவே இதை வயலின்களோடு முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்கும் மாற்றி எழுதினார். அதையும் கேட்டேன். அழகாக இருக்கிறது, அதுதான் குறை. துக்க வீட்டுக்கு இஸ்திரி போட்ட சட்டையில் வந்து நிற்பவரைப் போல.

மூன்றாம் பகுதியில் ஊதுகருவிகள் எல்லாம் வாயை மூடிக்கொள்ளும். தாளக்கருவிகள் மட்டும். கடைசியில் ஒரு ஸ்னேர் டிரம் உருட்டல், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும் அளவில் ஆரம்பித்து, ஏறி ஏறி, காது தாங்காத இடத்தில் அடுத்த பகுதிக்குள் வெடிக்கும். டாங்கிகள் வருகிற சத்தம் என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். எனக்கு ராத்திரியில் தெருமுனையில் திரும்பும் லாரிதான் ஞாபகம் வருகிறது. தாண்டிப் போகுமா, நம் வாசலில் நிற்குமா என்று தெரியாமல் படுத்தபடியே காத்திருப்போமே, அது.

அப்புறம் அந்த முடிவு. கூச்சலும் குழப்பமுமாய் எல்லோரும் இரைந்தபின், தொடக்கத்தில் டிம்பனி ரகசியமாய்த் தட்டிய அதே மெட்டை மொத்தப் பேண்டும் சேர்ந்து எடுக்கும். ஒத்துச் சுருதிகள் சேர்த்து அலங்காரம் எதுவும் கிடையாது. எல்லாக் கருவியும் ஒரே சுரத்தில், ஒரே குரலாக. ஆனால் பாட்டை முடிக்க விடமாட்டார் ஹூசா. முழுப் பாடல் இந்தப் படைப்பில் எங்குமே வராது. முதல் தடவை இங்கே எனக்கு எரிச்சல்தான் வந்தது, சாப்பிடும்போது இலையை உருவியது போல. 1969 ஜனவரியில் அதை முடித்துக்காட்டியிருந்தால் அது பொய்யாகியிருக்கும் என்று பிறகுதான் உறைத்தது.

கச்சேரி நிரலில் தன் முன்னுரையை அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் சபைக்கு வாசித்துக்காட்ட வேண்டும் என்று ஹூசா நிபந்தனையே போட்டிருந்தார். அமெரிக்கர்களுக்கு அது தேவை, எனக்கும் தேவைப்பட்டது. 1990-ல், அந்த ஆட்சி விழுந்து சில மாதங்களில், அவர் ப்ராகுக்கே போய் இதை நடத்தினார். நான் குறை சொன்ன அதே ஆர்க்கெஸ்ட்ரா வடிவம்தான். பரவாயில்லை, அன்றைக்கு அந்த அரங்கில் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்திருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். பிக்கலோ தொடங்கி, அடியில் டிம்பனி அந்த நாலு தட்டு தட்டியபோது, பக்கத்து நாற்காலிக்காரர்களின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.