டிவியைத் தூக்கிப் போடச் சொல்ல நீங்கள் யார்?

என் பழைய புரொஜெக்ஷன் டிவிக்குள் இருக்கும் கூலண்டை, அதாவது சூட்டைத் தணிக்கும் திரவத்தை, மாற்ற யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "அதையெல்லாம் இப்ப யாரு சார் ரிப்பேர் பண்றாங்க? காயலான் கடைக்குப் போட்டுட்டு ஒரு எல்இடி வாங்குங்க." கிருஷ்ணகிரியில் ரவுண்டானா பக்கமும் பழையபேட்டையிலும் கேட்காத கடை இல்லை. தர்மபுரியிலும் விசாரித்தாகிவிட்டது. நான் புது டிவி விலையா கேட்டேன்? கூலண்ட் மாற்றித் தருவீர்களா, மாட்டீர்களா? அவ்வளவுதான் கேள்வி.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமான 2004-ல் வாங்கிய 43 இன்ச் புரொஜெக்ஷன் டிவி அது. சவுண்டு இன்னும் கணீரென்று இருக்கிறது. போர்டு எதுவும் போகவில்லை. ஆனால் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தால் சுற்றிலும் நீலமாகப் புகை மண்டுகிறது. கண்ணில் புரை விழுந்த மாதிரி மங்கல். டிவிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன பிக்சர் ட்யூப் இருக்கும். அவற்றின் படத்தை லென்ஸ் பெரிதாக்க, உள்ளே ஒரு பெரிய கண்ணாடி அதைத் திரைக்குத் திருப்பிவிடும். ட்யூபின் முகப்புக்கும் லென்ஸுக்கும் நடுவே எத்திலீன் கிளைகாலும் கிளிசரினும் கலந்த திரவம் அடைத்திருப்பார்கள். ட்யூப் சூடேறாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான், வெளிச்சம் சிதறாமல் லென்ஸுக்குப் போக வழிவிடுவதும் அதுதான். வருஷக்கணக்கில் சூட்டில் கிடந்து அது கலங்கிவிட்டது, உள்ளே பூஞ்சை வேறு. மாற்ற வேண்டியது அந்தத் திரவத்தை மட்டும்.

இதைப் பொறுமையாகச் சொன்ன பிறகும் வீட்டுக்கு வந்த மெக்கானிக், "கண்ணாடியில தூசிண்ணா" என்றார். நான் தடுப்பதற்குள் பைக் துடைக்கிற துணியை எடுத்து உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடியை அழுத்தித் தேய்த்துவிட்டார். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்னால் இருக்கும். இதற்கு முன்பக்கத்திலேயே இருக்கும். முரட்டுத் துணி பட்டால் கீறல்தான். இப்போது மங்கலோடு கீறலும் சேர்ந்துகொண்டது. அதற்கு 500 ரூபாய் கூலி!

அடுத்து வந்தவர் இன்னும் கெட்டிக்காரர். "கார் ரேடியேட்டர்ல ஊத்துற பச்சை கூலண்ட் இருக்கே, அதையே ஊத்திடலாம் சார்." அதிலும் கிளைகால்தான் இருக்கிறது, சரி. ஆனால் சாயம்? நீல ட்யூபுக்கு முன்னால் பச்சைத் தண்ணியை நிறுத்தினால் படம் என்ன நிறத்தில் தெரியும்? துருப்பிடிக்காமல் இருக்க வேறு என்னென்னவோ கலந்திருப்பார்கள். அப்புறம் இந்த எத்திலீன் கிளைகால் இனிக்கிற விஷம். தரையில் சிந்தியதை நாயோ குழந்தையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

வேலை கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிற இடம், அணைத்த பிறகும் ட்யூபில் கரண்ட் தங்கியிருக்கும். பழைய ரப்பர் வளையத்தை மாற்றாமல் மூடினால் கசிந்து கீழே உள்ள போர்டில் சொட்டும். சூட்டில் திரவம் விரியும் என்பதால் அதற்கும் இடம் விட வேண்டும். ட்யூபைக் கழற்றி மாட்டினால் மூன்று நிறமும் ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிற வரை கன்வர்ஜென்ஸ் வைத்தாக வேண்டும். "இவ்வளவு வேலை இருக்கு, எனக்குக் கட்டாது" என்று ஒருவர் சொல்லியிருந்தால் கும்பிட்டுவிட்டு வந்திருப்பேன். தெரியாததை மறைக்கத்தானே இந்த எல்இடி உபதேசம்?

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் ரப்பர் வளையம் கேட்டேன். மாடல் நம்பரைக்கூடப் பார்க்காமல் சிரித்தார் ஒருவர்.

நேற்று ஒரு ஷோரூமிலிருந்து போன். பழைய டிவியைக் கொண்டுவந்தால் எக்ஸ்சேஞ்சில் 500 ரூபாய் கழித்துத் தருவார்களாம். அதைத் தூக்கவே நாலு ஆள் வேண்டும், கொண்டுபோகக் குட்டி யானை வாடகை 800. கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் பேசுகிறீர்களா தம்பி என்று கேட்டேன். "இஎம்ஐ இருக்கு சார்" என்கிறான்!