கோட்டையப் பாத்துட்டுப் போங்க, தெருவ நாங்க இடிச்சுக்கறோம்

அந்த வீடியோவ எல்லாரும் பாத்துட்டீங்க, அதனால மறுபடி ஷேர் பண்ணல. நம்ம வேலூர்ல சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் பக்கத்து சந்துல அந்த திண்ணை வீட்ட ஜேசிபி வெச்சு இடிக்கற வீடியோ தான். யாரோ ஒரு தம்பி பின்னாடி குத்துப்பாட்டு வேற சேத்து எடிட் பண்ணிருந்தாரு. இடிச்சதக் கூட விட்டுடலாம். கீழ வந்த ஒரு கமெண்ட் தான் ரெண்டு நாளா உறுத்துது. "வரலாறு வேணும்னா கோட்டைக்கு போ ப்ரோ, இது வெறும் பழைய வீடு." நூத்துக்கு மேல லைக். லைக் போட்டவங்கள்ல நாலு பேரு என்கூட ஒரே பெஞ்ச்ல உக்காந்து படிச்சவனுங்க.

சரி ப்ரோ, கோட்டைக்கே போறேன். 133 ஏக்கர் கோட்டை, சுத்தி அகழி, உள்ள கோயில், மசூதி, சர்ச் மூணும் இருக்கு, பெருமை தான், நான் இல்லன்னு சொல்லல. ஆனா வேலூர்னா அந்த மதிலோட முடிஞ்சுடுச்சா? மதிலுக்கு வெளிய இருந்தவன்லாம் யாரு? கோட்டைக்குள்ள இருந்தவங்களுக்கு சட்டி பானை செஞ்சது யாரு, சுண்ணாம்பு சுட்டது யாரு, காகிதம் செஞ்சது யாரு? கொசப்பேட்டை, சுண்ணாம்புக்காரத் தெரு, காகிதப்பட்டறை. தினம் ஷேர் ஆட்டோல "காகிதப்பட்டறை ஒண்ணு"ன்னு காசு நீட்டறோம், ஒரு நாளாவது அங்க யாரு காகிதம் செஞ்சாங்கன்னு கேட்டிருக்கோமா? கோட்டை மட்டும் வேலூர் இல்லங்க. நூறு தடவ சொல்லுவேன்.

நம்ம ஊரப் பத்தி ஒரு கிண்டல் உண்டு, வெளியூர் போனா எவனாவது கண்டிப்பா சொல்லுவான். ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. (இன்னொண்ணு இருக்கு, பொம்பளைங்களும் இந்தப் பதிவ படிக்கறாங்க, வேணாம்.) இதுல சாமி இல்லாத கோயில்ன்றத மாத்துனது யாரு? வெள்ளைக்காரன் கோட்டைக்குள்ள இருக்கற ஜலகண்டேஸ்வரர் கோயில ஆயுதம் அடுக்கற கிடங்கா வெச்சிருந்தான். பல நூறு வருஷம் கருவறை காலி. 1981 மார்ச்ல சத்துவாச்சாரில இருந்த லிங்கத்தக் கொண்டாந்து உள்ள வெச்சாங்க, அதுவும் தொல்லியல் துறை வேணாம்னு சொல்லும்போதே. அன்னிக்கு எங்க ஆயா அடுப்புல சோத்த அப்படியே விட்டுட்டு ஓடுனதாம். "சாமி வந்துகீதுன்னு சொன்னாங்க, செருப்பு கூட போடாம ஓடனேன்டா"ன்னு சாகற வரைக்கும் சொல்லிகினு இருந்துச்சு. அந்த ஆயா ஓடுனது கோட்டைக்குள்ள இருந்து இல்ல. இந்த மாதிரி ஒரு சந்துல, இந்த மாதிரி ஒரு திண்ணை வீட்ல இருந்து. கிடங்கா கெடந்த காலத்துல எவனாவது "இது வெறும் பழைய மண்டபம் ப்ரோ"ன்னு இடிச்சிருந்தா, இன்னிக்கு அந்த யாளித் தூணுக்குப் பக்கத்துல நின்னு நீ எப்படி செல்ஃபி எடுத்திருப்ப?

அடுத்து இன்னா சொல்லுவீங்கன்னு தெரியும். "அது உன் வீடா? ஓனர் இடிக்கறாரு, உனக்கு எங்க வலிக்குது?" ஞாயமான கேள்வி தான். ஓனர் குடும்பத்துல பங்காளிங்க நாலஞ்சு பேரு, ஆளுக்கொரு ஊர்ல, மழை வந்தா ஒழுகும், வாடகை சொற்பம். லாட்ஜ் கட்டுனா ஆஸ்பத்திரிக்கு வர்ற பேஷண்ட் குடும்பங்க மாசக்கணக்குல தங்குவாங்க. பெங்கால்ல இருந்து ரெண்டு ராத்திரி ரயில்ல வர்றவங்களுக்கு தங்க இடம் வேணும், அவங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. ஆனா லாட்ஜுக்கு இந்த வீடு தான் கெடச்சுதா? முன்பக்கத் திண்ணையும் நாலு தூணையும் அப்படியே விட்டுட்டு பின்னாடி கட்ட முடியாதா? காரைக்குடில அப்படி வீட்டயே ஓட்டலா மாத்தி ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்குல வாங்கறாங்க. நம்மாளுங்களுக்கு அந்த யோசனை வராது, ஏன்னா இத பழசுன்னு மட்டும் தான் சொல்லத் தெரியும்.

சட்டம் கேக்கறீங்களா, கோட்டைய சுத்தி 100 மீட்டருக்கு புதுசா எதுவும் கட்டக் கூடாதுன்னு மத்திய சட்டம் இருக்கு. நல்லது. தெருவுக்கு? தமிழ்நாட்டுல பாரம்பரியத்துக்குன்னு ஒரு ஆணையம் அமைக்க 2012லயே சட்டசபைல சட்டம் போட்டாச்சு, அப்புறம் அது வருஷக்கணக்கா தூங்குச்சு. அதுக்குள்ள எத்தன திண்ணை போச்சுன்னு எவன் கணக்கு வெச்சான்.

"சின்ன விஷயத்துக்கு இவ்ளோ கூச்சலா"ன்னு ஒருத்தர் எழுதிருந்தாரு. அண்ணே, வருஷா வருஷம் ஜூலை 10 அன்னிக்கு வேலூர் சிப்பாய் புரட்சிக்கு நினைவா நிக்கற மக்கான் தூணுக்கு மாலை போடறப்ப நீங்களும் போட்டோ போடறீங்களே, 1806ல அந்த சிப்பாய்ங்க எதுக்கு கெளம்புனாங்க? தலைப்பாகைய மாத்து, கடுக்கனக் கழட்டு, நெத்தில இட்டத அழி, தாடிய எடுன்னு உத்தரவு போட்டதுக்கு. வெள்ளைக்காரனுக்கு அதெல்லாம் சின்ன விஷயம் தான்.

அந்த வீடு வெறும் செங்கல் இல்ல. நான் அன்னிக்கு காலைல நேர்லயே போய் நின்னேன். ஜேசிபி மொதல் அடி அடிக்கும்போது தளம் அசையவே இல்ல, பக்கெட் தான் வழுக்குச்சு. டிரைவர் கெட்ட வார்த்தைல திட்டிட்டு, "இன்னாண்ணா இது, இரும்பு மாறி கீது"ன்னு கேட்டாரு. தேக்கு உத்திரம், மேல சின்ன செங்கல்ல செங்குத்தா அடுக்கி, சுண்ணாம்புல கடுக்காத்தண்ணியும் வெல்லமும் ஊத்தி, பொம்பளைங்க வரிசையா உக்காந்து கட்டையால நாள் கணக்குல தட்டித் தட்டி எறக்குன தளம். சுண்ணாம்புக்காரத் தெருவுக்குப் பக்கத்துல சுண்ணாம்பு வீடு, இதுக்கு மேல என்ன கல்வெட்டு வேணும் உங்களுக்கு? ஒன்பதாவது அடிக்கு தான் எறங்குச்சு. உள்ள சுவத்துல வெளக்கு மாடம், சுத்தி எண்ணெய்க் கறுப்பு அப்படியே இருந்துச்சு. வெளிச்சம் பட்டு ஒரு நிமிஷம் தெரிஞ்சுது, அப்புறம் புழுதி.

இப்ப கடைசி கேள்வி. இன்பாக்ஸ்ல வந்து கேட்டவனுக்கு இங்கயே பதில் சொல்றேன். "நீயே சத்துவாச்சாரி அபார்ட்மெண்ட்ல தானடா இருக்க, உங்க தாத்தா வீடு என்னாச்சு?"

வித்துட்டோம். ஆமா, நானும் தான் கையெழுத்து போட்டேன். அப்ப எனக்கு இருபத்தாறு வயசு, தங்கச்சி கல்யாணம், அப்பாவுக்கு சுகர் முத்தி காலு எடுக்கற நெலம. எங்க பங்கா வந்த பணத்துல கல்யாணக் கடன் அடஞ்சுது, மிச்சத்துல ஒரு பல்சர் வாங்குனேன். வாங்கத் தான் செஞ்சேன். பத்திரம் முடிஞ்ச அன்னிக்கு ஆயா ஒண்ணும் சொல்லல, நிலைப்படில மஞ்சள் தடவிட்டு வந்து ஆட்டோல உக்காந்துச்சு. அங்க இப்ப மூணு மாடி, கீழ மெடிக்கல் ஷாப். நான் அந்த வழியா போறதில்ல, சுத்திகினு காந்தி ரோடு வழியா போறேன். வித்தவனுக்கு பேச உரிமை இல்லன்னா, வித்தவனுக்குத் தாண்டா போனது எவ்ளோன்னு தெரியும். இத சொல்லிக் காட்டறதுல உனக்கு என்ன சந்தோஷமோ. எங்க வீட்ல எத்தன நாள் சோறு தின்ன நீ, ஆயா கையால.

சரி விடுங்க, எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறேன். இலங்கை கண்டி ராஜாவோட சமாதி இருக்கற முத்து மண்டபத்துக்குப் போகணும்னு போன வருஷம் ஆட்டோல ஏறுனப்ப "எந்த கல்யாண மண்டபம் சார், முகூர்த்தம் எத்தன மணிக்கு"ன்னு கேட்டாரு டிரைவர். அவர சொல்லிக் குத்தமில்ல. 1832ல இங்கயே செத்துப் போன ஒரு ராஜாவுக்கே இந்த கதி, திண்ணைக்கு யாரு அழப் போறாங்க.

அன்னிக்கு கீழ கெடந்த ஒரு சுண்ணாம்புக் கட்டிய எடுத்தாந்து டிவி ஸ்டாண்டுல வெச்சிருக்கேன். கை அகலம் தான், செங்கல் துண்டு ஒட்டிகினு இருக்கு. வீட்டுக்காரம்மா ரெண்டு தடவ குப்பைல போட்டாங்க, ரெண்டு தடவயும் எடுத்து வெச்சேன். அந்த வீட்டு நிலைக்கதவ பழைய மரம் வாங்கற ஒருத்தர் டாட்டா ஏஸ்ல ஏத்திகினு போனாரு, ஆற்காடு பக்கம்னு மட்டும் சொன்னாங்க. யாருக்காவது அவரத் தெரிஞ்சா நம்பர் அனுப்புங்க. வாங்கி எங்க மாட்டுவேன்னு கேக்காதீங்க, ரெண்டாவது மாடி லிஃப்ட்ல அது நுழையாதுன்னு எனக்கும் தெரியும்.